பிரான்ஸ்காரனும் அடைக்கலநாதனும்

என் அத்தான் அடைக்கலநாதனைக் கோபப்படுத்த நினைப்பவர்கள் தங்கள் நேரத்தைத்தான் வீணாக்குவார்கள். அவரிடம் ஒரு பழைய டொல்பின் வான் இருக்கிறது. காலையும் மத்தியானமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மற்ற நேரங்களில் கலியாணம், செத்தவீடு, கோயில் என்று ஓட்டம். முந்திப் போகிற ஓட்டோக்காரன் தலையை வெளியே நீட்டி ஏதாவது ஏசிவிட்டுப் போனாலும், "அவனுக்கு என்ன அவசரமோ" என்று சொல்லிவிட்டுத் தன்பாட்டில் ஓட்டுவார். குருநகரில் தாய்மார் அவரை நம்பித்தான் பிள்ளைகளை ஏற்றுகிறார்கள். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஆமை அங்கிள். அதற்கும் அவர் கோபப்பட்டதில்லை.

மனிதர் எதிலும் இப்படித்தான். அவர் மீனை முள்ளெடுத்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் நாங்கள் சட்டிபானை கழுவிக் கவிழ்த்துவிடுவோம். நானோ மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். முன்னால் நிற்பவர் மருந்துத் துண்டைத் தேடிப் பொக்கற்றைத் தடவத் தொடங்கினாலே எனக்குப் பொறுமை போய்விடும். அக்கா ஜெசிதாவும் அத்தானும் முன்வீடு, நானும் அம்மாவும் பின்வீடு. ஒரே வளவில் அவரோடு குடியிருக்கும் எனக்கு வருடம் முழுவதும் தவக்காலம்தான்.

ஆனால் அவருடைய குரலைப் பற்றி நானும் குறை சொல்ல மாட்டேன். அடிவயிற்றிலிருந்து மெல்ல எழும்பி வரும், கனத்த, இனிய குரல். கோயில் திருநாளுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தல் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். சனக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைப் பற்றி அவர் அறிவித்தால், பிள்ளையே நின்று கேட்டுவிட்டுத்தான் தாயைத் தேடும்.

இத்தனை பொறுமையான மனிதருக்கு ஒரேயொரு எதிரி இருந்தான். அவனுக்குப் பெயர் தெரியாது, முகம் தெரியாது. எங்கள் வீட்டில் அவனைப் ‘பிரான்ஸ்காரன்’ என்றுதான் சொல்வோம். அவனைப் பற்றிச் சொல்வதென்றால் தொண்ணூற்று நாலாம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அப்போது நாங்கள் ஷெல்லுக்குப் பயந்து கடற்கரையை விட்டு மானிப்பாயில் ஒரு வளவில் இருந்தோம். அத்தான் வீட்டாரும் அதே வளவில் மறுகரையில் இருந்தார்கள். எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினாறு, அத்தானுக்கு இருபது. கரண்ட் என்பதையே மறந்திருந்த காலம். சண்டைக் காலம், எங்கள் பக்கத்துக்குப் பற்றரி கொண்டுவர அரசாங்கத் தடை. எங்கள் ஐயாவிடம் கசற் போடக்கூடிய ஒரு றேடியோ இருந்தது. அத்தானிடம் நல்ல டைனமோ பூட்டிய சைக்கிள் இருந்தது. ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு ஒருவர் ஏறியிருந்து உழக்க வேண்டும். டைனமோவிலிருந்து வயர் றேடியோவுக்குப் போகும். பின்னேரச் செபமாலை முடிந்ததும் வளவுச் சனம் எல்லாம் அந்தச் சைக்கிளைச் சுற்றி வந்து குந்தும்.

உழக்குகிறவர் களைத்தால் பாட்டும் களைக்கும். கதாநாயகி ஆண்குரலில் இழுத்து இழுத்துப் பாடத் தொடங்குவாள். தெரிந்த பாட்டென்றால் உடனே நாலு பக்கத்தாலும் "உழக்கு, உழக்கு" என்று சத்தம் போடுவார்கள். அத்தானும் எழும்பி நின்று ரெண்டு உழக்கு உழக்குவார். கதாநாயகி தன் குரலுக்குத் திரும்பிவிடுவாள்.

அந்த வருடம்தான் பெரியம்மாவின் மகன் சுபாஸ் அண்ணை பிரான்சிலிருந்து ஒரு கசற் அனுப்பினார். பாரிசுக்குப் போய் நாலு வருடமாகியும் ஒரு கடிதம் ஒழுங்காக எழுதாத மனிதர். கொழும்புக்கு வந்த யாரோ ஒருவர் கையில் கொடுத்து, அது கை மாறிக் கை மாறி, கிளாலிக் கடலையும் கடந்து எங்களிடம் வந்து சேர்ந்தது. ஒரு பக்கத்தில் கடிதத்துக்குப் பதிலாக அவரே பேசியிருந்தார். மறுபக்கத்தில் அங்கே தான் கேட்கிற பாட்டுகளைப் பதிந்திருந்தார்.

பேச்சுப் பக்கத்தைக் கேட்டதும் அம்மா அழுதுவிட்டாள். அண்ணையின் குரல் கிழவனுடையதைப் போலத் தடித்திருந்தது. "குளிருக்கை பிள்ளைக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு" என்று சொல்லி, வேர்க்கொம்பும் மல்லியும் இடித்துப் பொதி கட்டி, கொழும்புக்குப் போகிற ஒருவர் மூலம் பிரான்சுக்கு அனுப்பினாள். வருடங்கள் கழித்து ரெலிபோனில் அண்ணை மெல்லிய குரலில் கதைத்தபோது, தன் மருந்து வேலை செய்துவிட்டது என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது தனிக்கதை.

மறுபக்கத்தில் இருந்தவன்தான் பிரான்ஸ்காரன். அவன் பாடுகிறானா, பேசுகிறானா என்று எங்களுக்கு விளங்கவில்லை. அடியில் மத்தளம் மாதிரி ஏதோ மெல்ல மெல்ல இடிக்க, அதற்கு மேலே கனத்த குரலில் ஒரு ஆண் அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டே போவான். மொழி தெரியாது. பாட்டும் முன்பின் கேட்டதில்லை. அதனால் "உழக்கு" என்று ஒருவரும் சத்தம் போடவில்லை. பெண்சாதியைப் பறிகொடுத்தவன் என்றார் ஐயா. சண்டைக்குப் போய் வந்தவன் என்றார் வேறொருவர். மூன்றாவது பாட்டு முடியும்போது அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். அது செபம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

 அக்கா மட்டும் முழங்காலில் நாடியை வைத்துக்கொண்டு கேட்பாள். ஒருநாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பயமோ வெட்கமோ இல்லாமல் எல்லாருக்கும் முன்னால் சொன்னாள்: "நான் கட்டினால் இந்தக் குரல் உள்ள ஆளைத்தான் கட்டுவன்."

ஐயா சிரித்தார். அம்மா குட்டினாள். அத்தான் உழக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருட இடம்பெயர்வில் கசற்றும் போனது, றேடியோவும் போனது. அந்தச் சைக்கிளை மட்டும் அத்தான் சாவகச்சேரி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார். ஆறு வருடத்தின் பின் குருநகரில் அவருக்கும் அக்காவுக்கும் கலியாணம் நடந்தது. பேச்சுக்கால் இல்லை, இரண்டு பேரும் விரும்பிச் செய்தது. கலியாண வீட்டில் யாரோ அக்காவைக் கிண்டினார்கள், உந்த ஆமையை எப்படிப் பிடித்தாய் என்று. அக்காவுக்கு வாய் சும்மா கிடக்காது. "என்ன செய்யிறது? பிரான்ஸ்காரன் அம்பிடேல்லை. அவனுக்கு அடுத்த குரல் இவருக்குத்தான்" என்றாள். பந்தியே சிரித்தது. அத்தானும் சிரித்தார்.

ஆனால் அது அவருக்குள்ளே போய் இருந்துகொண்டது. எனக்குத் தெரியும், பின்வீட்டில் இருப்பவளுக்குத் தெரியாதா? அக்கா மீன் வெட்டும்போது அந்த மூன்றாவது பாட்டை முணுமுணுப்பாள். மொழி தெரியாவிட்டாலும் ஓசை பிசகாது. அந்த நேரம் பார்த்து அத்தானுக்கு வானுக்கு எண்ணெய் பார்க்க வேண்டியிருக்கும். வருடத்தில் ஒரு முறை இரண்டு முறை சண்டை வந்தால் அவருடைய கடைசிச் சொல் எப்போதும் ஒன்றுதான்: "போ, உன்ரை பிரான்ஸ்காரனிட்டைப் போ." நாங்கள் அதைப் பகிடியாக எடுத்துக்கொள்வோம். அவர் பகிடியாகச் சொல்லவில்லை. ஊருக்கே அறிவித்தல் சொல்கிற மனிதர் வீட்டுக்குள் பத்துச் சொல்லுக்கு மேல் பேசுவது குறைந்துபோனது. தான் இரண்டாவது ஆள் என்று அவர் முடிவெடுத்துவிட்டார். அக்காவுக்கோ தான் சொன்ன பகிடி நினைவிலேயே இல்லை. எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம் வரும்.

இந்த ஆவணியில் சுபாஸ் அண்ணை முப்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகு வந்தார். தலை வழுக்கை, வயிறு முன்னால். குரல் மட்டும் ரெலிபோனில் கேட்ட அதே மெல்லிய குரல். அவரைக் கடல் குளிக்கக் காரைநகர் கசூரினாவுக்குக் கூட்டிப் போவதென்று முடிவானது. வீட்டு வாசலில் கடலை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் ஓடிப்போய் வேறு கடலில் குளிப்பது என்ன கூத்தென்று நான் கேட்டேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அப்படித்தான், வா என்றாள் அக்கா.

அத்தான் ஓட்ட, அண்ணை பக்கத்தில் இருந்தார். நானும் அக்காவும் பின்னால். அம்மா வெயிலுக்குப் பயந்து வரவில்லை. வான் ஆனைக்கோட்டையைத் தாண்டுவதற்குள் ஒரு தண்ணீர்ப் பவுசரே எங்களை முந்திப் போய்விட்டது. மானிப்பாயில் நாங்கள் இருந்த ஒழுங்கையைக் கடந்தபோது அண்ணை திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"ஜெசி, நான் ஒரு கசற் அனுப்பினேனே, ஞாபகம் இருக்கோ?"

 அத்தானின் பிடரியைத்தான் பார்த்தேன். அது அசையவில்லை.

"ஞாபகமோ? முழுக்கப் பாடமண்ணை" என்றாள் அக்கா.

"அது இப்ப போனிலை இருக்கு. முழு அல்பமும். போடட்டே?"

அக்கா முன்சீற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பியேவிட்டாள். நாற்பத்தேழு வயதுப் பெண், முகம் பதினாறாகிவிட்டது. அண்ணை அத்தானைப் பார்த்தார். வான் அவருடையது, பாட்டுப் பெட்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அவர் பூட்டியது.

அத்தான் நிறைய நேரம் எடுத்தார். சங்கானைச் சந்தையைத் தாண்டிய பிறகுதான் பதில் வந்தது.

"போடுங்கோ மச்சான்."

முப்பது வருடம் வெளியே நிறுத்தி வைத்தவனைத் தன் வானுக்குள் தானே ஏற்றிக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அண்ணை போனைத் தட்டினார். டமடமவென்று மேளம் பாய்ந்தது. யாரோ விசிலடித்தார்கள். அதற்கு மேல் ஒரு பெட்டையின் குரல், சிரித்துச் சிரித்து, மூச்சு விடாமல், பட்டாசுக் கட்டுக் கொளுத்தியது போலப் பொரிந்து தள்ளியது. சும்மா இருந்த என் கால் தானாக ஆடத் தொடங்கியது.

"அண்ணை, மாறிப் போட்டிட்டியள்" என்றாள் அக்கா.

"இல்லையே. இதுதான்."

"எங்கடையிலை ஒரு ஆம்பிளை பாடுறவர். மெள்ள, ஆறுதலா."

"இதிலை ஆம்பிளையே இல்லை. இந்தப் பெட்டை எங்கடை பக்கத்துத் தொடர்மாடிப் பிள்ளை. இதைப் பாடேக்கை பதினேழு வயது. இது ராப் எல்லோ. அந்த வருசம் கோடைக்கு எங்கடை பகுதிப் பெடியள் எல்லாரும் இதைத்தான் போட்டுக்கொண்டு திரிஞ்சவங்கள்."

அக்கா நம்பவில்லை. ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது. மூன்றாவது பாட்டுத் தொடங்கியதும் அவளுடைய விரல்கள் முன்சீற்றில் தாளம் போட்டன. பிறகு திடீரென்று நின்றன. அதே ஓசை, அதே ஏற்ற இறக்கம். அவள் மீன் வெட்டும்போது முணுமுணுக்கிற அதே வரி, ஆனால் ஓட்டப் பந்தயத்தில் ஓடியது.

"இது என்ன சொல்லுது அண்ணை?"

"இதோ? தமையன்ரை ஓட்டைக் காரிலை எட்டுப் பேர் ஏறி நீந்தப் போகினம். மடியிலை வத்தகைப்பழம். பிரேக் இல்லை. அதுதான் பாட்டு."

இந்தப் பாட்டுக்குத்தான் அம்மா ஒரு வருடமாகச் சிலுவை போட்டாள். என்னால் அடக்க முடியவில்லை, விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது முன்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. இஞ்சின் ஏதோ இடிக்கிறதென்று நினைத்தேன். அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பொன்னாலைப் பாலத்தில் பாதி தூரம் வந்துவிட்டோம். வானை ஓரமாக நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார். அவருடைய எதிரி ஒரு பள்ளிக்கூடப் பெட்டை. யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் கடல். சோளகக் காற்று வானைப் பிடித்து ஆட்டியது. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த ஆள் ஒருத்தரும் இல்லையோ?" என்றாள்.

கேட்ட விதத்தில் அத்தானின் சிரிப்பு நின்றுவிட்டது. முன்னால் தொங்கிய கண்ணாடியில் அவருடைய முகம் எனக்குத் தெரிந்தது. இல்லாத ஒருவனுக்காகவே பெண்சாதி இப்படி வாடினால், இருக்கிறவன் என்ன செய்வான்?

அண்ணை நல்ல மனிதர், ஆனால் எந்த நேரத்தில் எதைச் செய்வதென்று தெரியாது. "பொறு, விளங்குது. உங்கடை றேடியோ மெள்ள ஓடியிருக்கு" என்று சொல்லி, மகன் போனில் போட்டுக் கொடுத்த ஏதோ ஒன்றைத் திறந்து, பாட்டின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனார். பெட்டையின் குரல் தடித்தது. இன்னும் தடித்தது. ஓரிடத்தில், மானிப்பாய் வளவில் கேட்ட அந்த மனிதன் வந்து வானுக்குள் உட்கார்ந்தான். கனத்த குரல், அவசரமே இல்லாத குரல்.  அக்கா கண்ணை மூடினாள். அத்தான் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தார். வென்றது போலிருந்த மனிதர் மறுபடியும் தோற்றுப்போய் இருந்தார்.

அக்கா கண்ணைத் திறந்தாள். நெற்றி சுருங்கியிருந்தது, கணக்குப் பார்க்கிறவளைப் போல. என் பக்கம் திரும்பினாள்.

"ஜெயனி, அந்தக் கசற்றுக்கு ஆர் உழக்கிறது?"

"அத்தான்தான்."

"எப்பவும் இவரோ?"

"எப்பவும். ஒருக்கா அத்தானுக்குக் காய்ச்சல் வந்து ஐயா உழக்கினவர். கீச்சுக் கீச்செண்டு கேட்குது, கசற் பழுதாப் போச்சு எண்டு நீதானே கத்தி நிப்பாட்டினனீ."

எனக்கே சொல்லிக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது. அன்றைக்குத்தான் அந்தப் பெட்டை தன் சொந்தக் குரலுக்குக் கிட்ட வந்திருக்கிறாள். நாங்கள் அவளைத் துரத்திவிட்டோம்.

அக்கா இருந்த இடத்திலிருந்து முன்னால் சாய்ந்து அத்தானின் தோளைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ. அந்தக் குரல் கசற்றிலை இல்லை. பிரான்சிலையும் இல்லை. அது உங்கடை காலாலை வந்தது."

 அக்கா அவர் தோளை விடவில்லை. இத்தனை வருடம் அவர் வெறுத்த மனிதனை அவரே பின்னேரம் பின்னேரம் உழக்கி உழக்கி உண்டாக்கியிருக்கிறார். அவன் அவருடைய காலில் பிறந்தவன், அவருடைய வேகத்தில் பேசியவன். அக்கா பதினாறு வயதில் மயங்கியது வேறு யாரிடமும் அல்ல. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, வானை விட்டு இறங்கிப் பாலத்தில் போகிற ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அண்ணை, உதை நிப்பாட்டுங்கோ" என்றாள் அக்கா. பாட்டு நின்றது. "இப்ப நீங்கள் கதையுங்கோ."

"என்னத்தைக் கதைக்கிறது?" என்றார் அத்தான். அந்த இரண்டு சொல்லுக்கே வான் நிறைந்தது.

"எதையெண்டாலும்."

அத்தான் வெளியே கடலைப் பார்த்தார். வலை வீசுகிற ஒருவரைப் பார்த்தார். எங்களை முந்திப் போன காரைநகர் பஸ்ஸைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் எனக்கு நரை விழுந்துவிடும் என்று நினைத்தேன்.

"எனக்கு அப்பவே தெரியும், கசற் மெள்ள ஓடுதெண்டு" என்றார். "பெட்டை எண்டு தெரியாது. மெள்ள ஓடுதெண்டு தெரியும்."

"அப்ப ஏன் கெதியா உழக்கேல்லை? களைச்சதோ?"

"களைக்கேல்லை. கெதியா உழக்கினால் கசற் கெதியா முடிஞ்சிடும். முடிஞ்சால் நீ எழும்பிப் போயிடுவாய்."

எனக்கு முப்பது வருடமாகத் தெரிந்த ஆமை அது. பிறவிக் குணம் என்று நினைத்திருந்தேன்.  சுபாஸ் அண்ணைகூட, கடவுள் புண்ணியத்தில், வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அக்காவின் கண் கலங்கிவிட்டது. அத்தானின் தோளில் ஒரு அடி போட்டாள், நல்ல சத்தத்தோடு.

"உங்களுக்கு விசர்" என்றாள். "கசற் முடிஞ்சாலும் நான் எழும்பியிருக்க மாட்டன்."